பதினாறு ஆண்டு காத்திருந்து குடும்பம் கண்டவர்

ரப்பர் விலை விழுந்துவிட்டது என்ற செய்தி தோட்டத்துக்குப் பத்திரிகை மூலமா வந்தது? பெரட்டுக் களத்தில் கூப்பிடும் பெயர்கள் குறைந்தன. கடைக்காரர் கடன் நோட்டை மூடி வைத்தார். அதற்குப் பிறகுதான் லயத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. 1930-களின் தொடக்கத்தில் மலாயாவில் நடந்தது அதுதான். உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட, 1932-ல் ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனது. இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நம் தாத்தா பாட்டிமார் அந்தக் காலத்தைப் 'பஞ்ச காலம்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பால் வெட்டியவர்களை மட்டுமா அந்த வீழ்ச்சி அடித்தது? தோட்டத்தை நம்பித் தொழில் செய்த பட்டணத்துக் குடும்பங்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஜொகூர் மாநிலத்து மூவார் பட்டணத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவர் செல்லப்பன், ரப்பர் தோட்டங்களின் வழக்கு விவகாரங்களைப் பார்த்துவந்த வழக்கறிஞர் நிறுவனத்தில் குமாஸ்தா. சிங்கப்பூரிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர். கைநிறையச் சம்பளம், ஊரில் நல்ல மதிப்பு. ரப்பர் சரிந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. மீள வழி தெரியாமல் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அப்போது அவருடைய மகனுக்கு எட்டு வயது.

அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் சிங்கப்பூர்க் குடியரசின் ஆறாவது அதிபராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த செல்லப்பன் ராமநாதன். ஊரும் உலகமும் எஸ்.ஆர். நாதன் என்று அழைத்த பெரியவர். 1924 ஜூலை 3-ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்து, 2016 ஆகஸ்ட் 22-ஆம் நாள் 92-ஆம் வயதில் மறைந்தார். அவர் வகித்த பதவிகளைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. பதவிகளை நாமும் தொட்டுச் செல்லத்தான் போகிறோம். ஆனால் இங்கே நாம் நினைவுகூர விரும்புவது வேறொன்று. தகப்பன் இல்லாமல் சிதறிய வீட்டில் வளர்ந்து, தானே வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு பையன், பிற்பாடு எப்படிப்பட்ட குடும்பஸ்தராக ஆனார் என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

ஓடிப்போன பிள்ளை

கணவரை இழந்த தாயார் அபிராமி பிள்ளைகளோடு சிங்கப்பூருக்குத் திரும்பினார். சிறுவன் ராமநாதன் படித்த பள்ளிகளுள் ஒன்று ரங்கூன் ரோடு காலைப் பள்ளி. பிறகு விக்டோரியா பள்ளி. அது அந்நாளில் ஜாலான் புசார் பக்கம் டர்விட் ரோட்டில் இருந்தது. தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும் நம் வாசகர்கள் சிராங்கூன் சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே நடந்தால் இந்தத் தெருக்களைத் தொட்டுவிடலாம். பெருமாள் கோயில் இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான்.

படிப்பு ஒழுங்காகப் போகவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பதினாறு வயதில் தாயாரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு வீட்டை விட்டே ஓடிவிட்டார். போய்ச் சேர்ந்த இடம், தகப்பனாரை விழுங்கிய அதே மூவார். கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவினார். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்து வரும் பையனுக்கும் தாய்க்கும் நடுவே மூளும் சண்டை எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தாய் கண்டிப்பு காட்டுவது பயத்தினால். பையனுக்குத் தெரிவது கண்டிப்பு மட்டும்தான். எத்தனையோ தோட்டத்து வீடுகளில் இந்தக் கதை நடந்திருக்கிறது. 'தறுதலை' என்று ஊர் பெயர் வைத்த பையன்கள் எல்லாருமே கெட்டுப்போய்விடவில்லை என்பதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறோம்.

ஜப்பானியர் வந்தார்கள். நாதன் தாமாகவே ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். பள்ளியில் உட்கார முடியாத பையன் ஓர் அந்நிய மொழியை உட்கார்ந்து கற்றான் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வயிறும் உயிரும் ஆசிரியராக வந்தால் எந்தப் பாடமும் ஏறும் போலும்.

அந்த மூவாரில்தான் ஊர்மிளா நந்தி என்ற வங்காளிப் பெண்ணை அவர் கண்டார். வீட்டார் 'உமி' என்று அழைத்த பெண்.

பதினாறு ஆண்டுகள்

நாதன் தமிழர், பெண் வங்காளி. அவரிடம் சொத்து இல்லை, முடித்த படிப்பு இல்லை, முன்னின்று பேசத் தகப்பன் இல்லை. பெண் வீட்டார் சம்மதிக்கவில்லை. பெற்றவர்களைக் குறை சொல்ல முடியுமா? நம் வீட்டுப் பெண்ணை இப்படிப்பட்ட ஒரு பையன் கேட்டு வந்தால் நாம் மட்டும் உடனே தாம்பூலத்தட்டை எடுத்து நீட்டியிருப்போமா?

திரைப்படமாக இருந்தால் அடுத்த காட்சியில் இருவரும் இரயில் ஏறியிருப்பார்கள். நாதனும் உமியும் காத்திருந்தார்கள். ஓராண்டு ஈராண்டு அல்ல, பதினாறு ஆண்டுகள். யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவர்கள் வயதும் ஏறிக்கொண்டே போனது. அந்நாளில் இருபதைத் தாண்டிய பெண்ணை வீட்டில் வைத்திருப்பது பெற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய சுமை என்று தெரிந்தவர்கள், உமி அம்மையார் காட்டிய உறுதியை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். நாதனின் பொறுமையைப் புகழ்கிறவர்கள் அந்த அம்மையாரின் பொறுமையை அதிகம் பேசுவதில்லை என்பது நமக்கு ஒரு குறை.

இந்தக் காத்திருப்பு வெறும் காத்திருப்பாக இருக்கவில்லை என்பதுதான் முக்கியம். நாதன் வேலை பார்த்துக்கொண்டே, விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தாமே படித்து முடித்தார். பிறகு, அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954-ல் சமூகவியல் பட்டயத்தைச் சிறப்புத் தகுதியோடு பெற்றார். அப்போது அவருக்கு முப்பது வயது. உடன் ஓடியாடிய பையன்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி பிறந்திருக்கும் வயது!

1958 நவம்பர் 15-ஆம் நாள் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 34. அன்று தொடங்கிய இல்வாழ்க்கை ஏறத்தாழ 58 ஆண்டுகள் நீடித்தது. ஒரு மகள், ஒரு மகன். பிறகு மூன்று பேரப்பிள்ளைகள்.

நோயாளி வீட்டாரின் பக்கத்தில்

1955-ல் அரசாங்கச் சேவையில் நாதனுக்கு முதன்முதலில் கிடைத்த வேலை மருத்துவ சமூக ஊழியர் பணி. மருத்துவமனைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். டாக்டர் நோயைப் பார்ப்பார். நோயாளி படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிகிறதா, மருத்துவச் செலவைக் கட்ட வழி இருக்கிறதா, வீட்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் விசாரித்து உதவிக்கு ஏற்பாடு செய்வது இந்த ஊழியர்தான். குடும்பத் தலைவர் ஒருவர் விழுந்தால் வீடு என்னவாகும் என்பதை எட்டு வயதிலேயே பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருந்திருக்க முடியாது என்பது நம் எண்ணம்.

அடுத்த ஆண்டு கப்பல் தொழிலாளர் நல அதிகாரியானார். 'கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன்' என்று மாலுமிகளிடம் கமிஷன் பறித்த தரகர்கள் துறைமுகத்தில் மலிந்திருந்த காலம் அது. கங்காணிக் காலத்தை அறிந்த நமக்கு மேலும் சொல்ல வேண்டுமா? 1962-ல் தொழிற்சங்கங்களுக்குக் கணக்கும் ஆதாரமும் திரட்டிக் கொடுக்கும் தொழிலாளர் ஆய்வுப் பிரிவுக்குப் போனார். முதலாளி பக்கம் கணக்கப்பிள்ளைகளும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்திருக்க, தொழிலாளி பக்கம் வெறுங்கையோடு பேசப் போனால் என்ன கிடைக்கும்? சம்பளப் பேச்சுக்கு வேண்டிய புள்ளிவிவரங்களைத் தொழிலாளி கையில் கொடுத்த இடம் அது.

பிறகு வெளியுறவு, உள்துறை, தற்காப்பு அமைச்சுகளில் உயர் பதவிகள். 1988-ல் மலேசியாவில் சிங்கப்பூரின் ஹைகமிஷனர். 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் தூதர். இவற்றை எல்லாம் விரித்தால் இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது.

1974 ஜனவரி 31-ல் ஆயுதம் தாங்கிய நான்கு பேர் புலாவ் புக்கோம் தீவிலிருந்த ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கினார்கள். பிறகு 'லாஜு' என்ற படகைக் கடத்தி அதன் ஊழியர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் பேச்சு நடந்தது. பிணையாளிகளை விட வேண்டுமானால் தங்களைப் பத்திரமாக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், வழித்துணையாக அரசாங்க அதிகாரிகள் கூட வரவேண்டும் என்று முடிவாயிற்று. பிப்ரவரி 8-ஆம் நாள் பதின்மூன்று சிங்கப்பூர் அதிகாரிகள் அந்த நால்வரோடு விமானம் ஏறி குவைத்துக்குப் பறந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் நாதன். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். படகு ஊழியர்களின் வீடுகளிலும் மனைவி மக்கள் இருந்தார்கள் அல்லவா? போன பதின்மூன்று பேரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.

சிலோன் ரோட்டு வீடு

1999 செப்டம்பர் 1 முதல் 2011 ஆகஸ்ட் 31 வரை நாதன் அதிபர். சிங்கப்பூரில் அவ்வளவு காலம் அதிபராக இருந்தவர் வேறு யாருமில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டில் இஸ்தானா மாளிகை இருந்தும், அவர் குடியிருந்தது கிழக்குப் பக்கம் சிலோன் ரோட்டில் இருந்த தம் சொந்த வீட்டில்தான். செண்பக விநாயகர் கோயில் இருக்கும் சாலை அது. காலையில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் விறுவிறுவென்று நடப்பது அவருடைய வழக்கம்.

நம்மவர்களின் பொதுக் காரியங்களிலும் அவர் கை இருந்தது. 1983 முதல் 1988 வரை இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக இருந்தார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில், சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் உள்ளிட்ட நான்கு கோயில்களை நிர்வகிப்பது அந்த வாரியம். பெருமாள் கோயிலிலிருந்து தைப்பூசக் காவடிகள் புறப்படுவதைப் பார்க்க எல்லை கடந்து போன நம் வாசகர்கள் பலர் உண்டு. 1991-ல் இந்தியர்களின் கல்வி முன்னேற்றத்துக்காகத் தொடங்கப்பட்ட 'சிண்டா' சங்கத்தை அமைத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். அதிபரான மறு ஆண்டு, 2000-ல், சமூகநல அமைப்புகளுக்கு நிதி திரட்டும் பெரிய அறப்பணி ஒன்றை ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கினார்.

2011-ல் தம் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். தகப்பனார் கடனில் மூழ்கி உயிரை விட்டதை அதில் அவர் மறைக்கவில்லை. நம்மிடையே இப்படி ஒரு மரணம் நிகழ்ந்தால் 'திடீரென்று நெஞ்சுவலி' என்று சொல்லிப் பிள்ளைகளுக்கே தெரியாமல் மூடிவிடுகிறோம். மூடிய இடத்தில் புண் ஆறுவதில்லை. நாட்டின் முதற்குடிமகனாக இருந்தவர் அதை எழுதி வைத்தது, அவர் செய்த பெரிய காரியங்களுள் ஒன்று என்றே சொல்வோம். வசதி குறைந்த மாணவர்களுக்காக அவர் பெயரில் ஒரு கல்வி நிதியும் அதே ஆண்டில் அமைந்தது. தொழிற்கல்லூரியில் படிப்பவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பாதியில் படிப்பு நின்றுபோன ஒருவர் பெயரில் அமைந்த நிதி அல்லவா!

கடைசி நாட்கள்

2015 ஏப்ரலில் பெரியவரைப் பக்கவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு 90 வயது. சிகிச்சை பெற்றுத் தேறி, மீண்டும் பொது நிகழ்ச்சிகளுக்கு வந்தார். ஆனால் பக்கவாதம் ஒருமுறை கதவைத் தட்டிய வீட்டுக்கு மறுபடியும் வருமோ என்ற பயம் அந்த வீட்டாருக்குத் தூக்கத்திலும் இருக்கும். 2016 ஜூலை 31-ஆம் நாள் அது மீண்டும் வந்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. நம் தோட்டப் பகுதிகளில் பக்கவாதம் என்றால் எண்ணெய் தேய்ப்பது, மந்திரிப்பது, 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுக்க வைப்பது என்று நேரம் ஓடிவிடுகிறது. முகம் ஒரு பக்கம் கோணிப்போனால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அந்தக் கணமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதுவும் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு மூளை பிழைக்கும். சாப்பாடோ தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஆம்புலன்சுக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியவர் மூன்று வாரங்களுக்கும் மேலாக மருத்துவமனையில் கிடந்தார். ஆபத்தான நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீட்டில் கடிகாரம் வேறு மாதிரி ஓடும். தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு அடைக்கும்; அடிக்காவிட்டாலும் அடைக்கும். அதிபர் வீடானாலும் லயத்து வீடானாலும் இதில் பேதமில்லை. ஆகஸ்ட் 22-ஆம் நாள் இரவு 9 மணி 48 நிமிடத்துக்கு அவர் உயிர் பிரிந்தது.

சிலோன் ரோட்டு வீட்டுக்கு உறவினரும் நண்பர்களும் வந்து இறுதி மரியாதை செலுத்தினார்கள். நாட்டில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. 25-ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டடத்தில் உடல் வைக்கப்பட்டபோது, சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் வரிசையில் நின்று வணங்கிப் போனார்கள். 26-ஆம் நாள் பீரங்கி வண்டியில் இறுதி ஊர்வலம். அவர் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட இடங்கள் வழியாக அது சென்றது. அவற்றுள் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைக் கட்டடமும் ஒன்று. அதைச் சேர்த்த புண்ணியவான் யாரோ, நம் நன்றி அவருக்கு.

இறுதிச் சடங்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கலாசார மண்டபத்தில் நடந்தது. பிரதமர் லீ சியன் லூங் உள்ளிட்டோர் இரங்கல் உரை நிகழ்த்தினார்கள். அந்த மண்டபத்தில் ஒரு தமிழ்த் திரைப்பாடலும் ஒலித்தது. இயக்குநர் சேரனின் 'பொற்காலம்' படத்தில் வருவது. 1997-ல் வெளிவந்த படம். வைரமுத்து எழுதி, தேவா இசையமைத்து, கிருஷ்ணராஜ் பாடியது. குயவன் ஒருவன் பல ஊர் மண்ணையும் எடுத்துக் குழைத்து ஒரு பொம்மை செய்து, அதற்கு உயிர் கொடுக்கும் பாட்டு. பெரியவருக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. பல இனத்தாரும் பல மொழியாரும் சேர்ந்து ஒரு நாடாக ஆன சிங்கப்பூரை அந்தப் பொம்மையில் அவர் கண்டார் என்று சொன்னார்கள். இருக்கலாம். மூவாரில் கண்ட வங்காளிப் பெண்ணுக்காகப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்த மனிதருக்கு, பல மண் சேர்ந்த அந்தப் பொம்மையில் தம் வீடும் தெரிந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

தோட்டத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கியில் கேட்கும் ரகப் பாட்டு, அன்று தொலைக்காட்சி வழியாகத் தமிழ் தெரியாத எத்தனையோ வீடுகளுக்குள் போனது. சடங்கு முடிந்ததும் உடலை மண்டாய் மயானத்துக்குக் கொண்டுபோய்த் தகனம் செய்தார்கள்.